ரிமூவ் பட்டனே இல்லாத டூல்பார்: ஃபார்மேட் போடாமல் எடுக்க வழி உண்டா?

திருவட்டார் மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் இருப்பது விண்டோஸ் 10 போட்ட பழைய டெஸ்க்டாப், பிரவுசர் குரோம். போன மாதம் கொழுந்தனார் மகன் பள்ளிக்கூட வேலைக்காக இரண்டு பிடிஎஃப்பை ஒன்றாகச் சேர்க்க ஏதோ ஒரு இலவச சாஃப்ட்வேரை இறக்கினான். அன்றிலிருந்து எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தலைமாட்டில் ஒரு சாம்பல் நிறப் பட்டை, அதில் ஒரு தேடல் பெட்டி, பக்கத்திலேயே வானிலை, கூப்பன், விளையாட்டு என்று நாலைந்து பட்டன். புது டேப் திறந்தால் கூகுள் வருவதில்லை, பெயர் தெரியாத ஒரு தேடல் பக்கம் வருகிறது. மேலே அட்ரஸ் பாரில் எதை அடித்தாலும் ஒரு நொடி வேறு எங்கோ போய்விட்டுத்தான் முடிவு வருகிறது, அதிலும் பாதிக்கு மேல் விளம்பரம்.

பெரிய தொந்தரவு மாமாவுக்குத்தான். எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் மரம் உண்டு. காலையில் சிஸ்டத்தைப் போட்டு கோட்டயத்தில் ஆர்.எஸ்.எஸ். 4 என்கிற தர ரப்பர் ஷீட் என்ன விலை என்று பார்க்காமல் அவருக்கு நாள் ஓடாது, அதிலும் இப்போது மழை பிடித்து பால்வெட்டு நின்று கிடக்கிற நேரம், கையில் இருக்கிற ஷீட்டை இந்த வாரமே கொடுப்பதா இன்னும் வைத்துப் பார்ப்பதா என்று அதை வைத்துத்தான் யோசிப்பார். இப்போது ரப்பர் விலை என்று அடித்தால் ரப்பர் செருப்பும் ரப்பர் மிதியடியும் விற்பனைக்கு வருகின்றன. நேற்று அதில் எதையோ அழுத்தப்போய், கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள் என்று திரை முழுக்க வந்து ஆங்கிலத்தில் கத்த ஆரம்பித்துவிட்டது. மனிதர் பயந்துபோய் சுவரில் சுவிட்சையே அணைத்துவிட்டார்.

குரோமோடு கூடுதலாக ஒட்டிக்கொள்கிற குட்டிப் புரோகிராம்களைக் காட்டுகிற எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ஆசாமி அங்கேதான் இருக்கிறார், ஆனால் மற்றதுக்கெல்லாம் இருக்கிற ரிமூவ் பட்டன் இதற்கு மட்டும் இல்லை, ஆன் ஆஃப் பண்ணும் இடமும் மங்கிப்போய் அசையவே மாட்டேன் என்கிறது. மூன்று புள்ளி மெனுவின் அடியில் உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்று வேறு எழுதியிருக்கிறது. எங்கள் வீட்டுக்கு ஏது நிறுவனம்?

சிபியூவை ஆட்டோவில் வைத்து மார்த்தாண்டத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். ஆன் பண்ணிக்கூடப் பார்க்காமல், ஃபார்மேட் போட்டால்தான் போகும், 1,200 ரூபாய், உள்ளே இருக்கிறதுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். வீட்டுக்காரர் சவுதியிலிருந்து அனுப்பிய படங்கள், மகளுடைய சர்டிஃபிகேட் ஸ்கேன் எல்லாம் அதில்தான் கிடக்கிறது. திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஃபார்மேட் இல்லாமல் வழி இருந்தால் சொல்லுங்கள். நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை, ஆனால் இதை அழுத்து அதை அழுத்து என்று விளக்கமாகச் சொன்னால் செய்துவிடுவேன்.

சுங்கான்கடை ஹாஸ்டல்:

அக்கா ரொம்ப சிம்பிள், குரோமை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு திரும்பப் போடுங்க. போகலைன்னா டூல்பார் ரிமூவர்னு தேடி முதலில் வர்றதை இறக்கி ஓட்டுங்க, என் ஃப்ரெண்டுக்கு அப்படித்தான் சரியாச்சு.

வடசேரி பழைய சென்டர்:

தம்பி சொன்ன இரண்டையும் செய்ய வேண்டாம், மக்களே. குரோமை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டால் அதே பட்டை அதே இடத்தில் வந்து நிற்கும், ஏனென்றால் அதைப் பிடித்து வைத்திருப்பது குரோம் இல்லை, வெளியே விண்டோஸில் எழுதி வைத்திருக்கிற ஒரு கட்டளை. கிழங்கை மண்ணில் விட்டுவிட்டு வாழையை மட்டும் வெட்டுகிற வேலை அது. ரிமூவர் தேடுவது அதைவிட மோசம். உங்கள் தேடலே இப்போது அவர்கள் கையில் இருக்கிறது, அதில் போய் மருந்து தேடினால் அவர்களுக்குக் காசு கொடுத்தவனுடைய மருந்துதான் முதலில் வரும், அதோடு இன்னும் இரண்டு சேர்ந்து வரும்.

அந்த நிறுவனம் என்கிற வரிதான் இதில் முக்கியமான துப்பு. ஒரு ஆபீஸில் நிறைய கம்ப்யூட்டர் இருந்தால், எல்லாவற்றிலும் இந்த எக்ஸ்டென்ஷன் கட்டாயம் இருக்க வேண்டும், வேலை செய்கிறவர்கள் எடுக்கக் கூடாது என்று நிர்வாகி சொல்லிவைக்க குரோமில் ஒரு வசதி உண்டு. பாலிசி என்பார்கள். அது ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளையெல்லாம் குறித்து வைக்கிற ஏட்டில், ஒரு இடத்தில் எழுதப்படும். அங்கே யார் எழுதினார்கள் என்று குரோம் ஆராய்வதில்லை, எழுதியிருக்கிறதா, சரி என்று கேட்டுக்கொள்ளும். உங்கள் பையன் இறக்கிய சாஃப்ட்வேர் இன்ஸ்டால் ஆகும்போது, கேட்ட அனுமதியைக் கொடுத்ததும், அந்த இடத்தில் தன் எக்ஸ்டென்ஷனை எழுதிவைத்துவிட்டது. அதனால்தான் ரிமூவ் பட்டன் இல்லை. நீங்கள் இப்போது உங்கள் வீட்டிலேயே சாதா ஊழியர், அவன் நிர்வாகி.

இந்தக் கூட்டம் இன்றைக்கு நேற்று வந்ததில்லை. நான் சென்டர் வைத்திருந்த காலத்தில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பட்டை அடுக்கி, பக்கம் தெரிவதற்குப் பாதித் திரைதான் மிச்சம் இருக்கும். நல்ல சாஃப்ட்வேர்கூட இதைக் கூட்டிக்கொண்டு வரும். ஜாவா அப்டேட் போட்டால் ஆஸ்க் டூல்பாருக்கு முன்கூட்டியே டிக் அடித்து வைத்திருப்பார்கள், அதை எடுத்துவிட்டு நெக்ஸ்ட் கொடுக்க வேண்டும், அவசரத்தில் யார் பார்க்கிறார்கள். 2015-ல் மைக்ரோசாஃப்டே ஆஸ்க் டூல்பாரின் பழைய பதிப்புகளை வேண்டாத மென்பொருள் என்று அறிவித்து நீக்க ஆரம்பித்தது. இலவச சாஃப்ட்வேர் இறக்குகிற சோர்ஸ்ஃபோர்ஜ் மாதிரி மரியாதையான வெப்சைட்டே டவுன்லோடுக்கு மேல் தன்னுடைய இன்ஸ்டாலரைச் சுற்றிக் கொடுத்த காலம் உண்டு, அது பிடிக்காமல் கிம்ப் என்கிற படம் திருத்தும் சாஃப்ட்வேர்காரர்கள் 2013-ல் விண்டோஸ் பதிப்பை அங்கிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். காரணம் எல்லாவற்றுக்கும் ஒன்றே: அந்தப் பெட்டி வழியாக நீங்கள் தேடுகிற ஒவ்வொரு தேடலிலும் விளம்பரக் காசில் அவர்களுக்குப் பங்கு உண்டு, டூல்பாரை ஏற்றிவிடுகிற சாஃப்ட்வேர்காரனுக்கும் தலைக்கு இவ்வளவு என்று கிடைக்கும்.

பழைய பாணி டூல்பாரெல்லாம் இப்போது செத்தாச்சு. ஃபயர்பாக்ஸ் 2017 நவம்பரில் 57-ஆம் பதிப்போடு பழைய ஆட்-ஆன்களைக் கைவிட்டது, எக்ஸ்ப்ளோரர் 2022 ஜூனில் ஓய்வு பெற்றது. இன்று குரோமில் நீங்கள் பார்க்கிற பட்டை, ஒவ்வொரு பக்கத்தின் மேலும் ஒரு எக்ஸ்டென்ஷன் வரைகிற படம்தான்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் படங்களையும் சர்டிஃபிகேட்டையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள், இதற்காக இல்லாவிட்டாலும் அந்த வயது ஹார்டு டிஸ்கை நம்பி இருக்கக் கூடாது. அப்புறம் கன்ட்ரோல் பேனலில் புரோகிராம்ஸ் என்று இருக்கும், உள்ளே போனால் போட்டிருக்கிற சாஃப்ட்வேர் எல்லாம் வரிசையாக வரும். இன்ஸ்டால்டு ஆன் என்கிற தலைப்பின் மேல் ஒரு கிளிக் கொடுத்தால் தேதி வாரியாக மாறிவிடும். பையன் பிடிஎஃப் சாஃப்ட்வேர் போட்ட அன்றைய தேதியில் வேறு என்னவெல்லாம் ஏறியிருக்கிறது என்று பாருங்கள், பெரும்பாலும் தனியாக வராது, கூட்டாளி இருப்பான். இரண்டையும் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். அதைச் செய்யும்போது வருகிற ஜன்னலில் எழுதியிருப்பதை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள், வேகமாக அழுத்த வேண்டாம்.

பிறகு குரோமைத் திறந்து அட்ரஸ் பாரில் ஆங்கிலத்தில் குரோம், ஒரு கோலன், இரண்டு ஸ்லாஷ், பாலிசி என்று இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் கொடுங்கள். சாதாரண வீட்டு கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது. உங்களுக்கு எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட் என்று ஒரு வரி இருக்கும் என்பது என் கணிப்பு. இருந்தால் போட்டோ எடுத்துப் போடுங்கள், பார்த்துவிட்டு மேலே சொல்கிறேன். சில ஆன்டிவைரஸும் அங்கே எதையாவது எழுதிவைக்கும், அதனால் பார்க்காமல் அழிக்கச் சொல்ல மாட்டேன்.

கருங்கல் சர்வீஸ்:

அண்ணாச்சி சொன்ன முறை சரிதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி, இதற்குப் பதில் தெரியாமல் மேலே போகாதீர்கள்: அந்தக் கத்துகிற திரையில் வந்த எண்ணுக்கு மாமா பேசினாரா? பேசியிருந்து, அவர்கள் சொன்னபடி எனிடெஸ்க் மாதிரி தூரத்திலிருந்து இயக்குகிற எதையாவது ஏற்றியிருந்தால், இது டூல்பார் சமாச்சாரம் இல்லை. அப்படியென்றால் மார்த்தாண்டத்துக்காரர் சொன்ன ஃபார்மேட்தான் சரி, அதற்கு முன்னால் நெட் வயரைப் பிடுங்கிவிட்டு, போனிலிருந்து பேங்க் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும், பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் பேச வேண்டும்.

கடைக்காரன் பக்கமும் ஒரு வார்த்தை. நாங்கள் ஏன் ஃபார்மேட் என்கிறோம் என்றால், இதை உட்கார்ந்து கிளீன் பண்ண ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் ஆகும், அதற்கு 300 ரூபாய் கேட்டால்கூட ஒரு பட்டையை எடுக்கவா என்று சண்டைக்கு வருவார்கள். ஃபார்மேட் போட்டு விட்டுவிட்டு அடுத்த மெஷினைப் பார்க்கலாம். அதற்காக ஆன் பண்ணிக்கூடப் பார்க்காமல் சொன்னது தப்புதான், டேட்டாவை எடுத்துக் கொடுக்காமல் ஃபார்மேட் போடுவது அதைவிடத் தப்பு.

திரை முழுக்க அப்படி வந்தால் சுவிட்சை அணைக்க வேண்டாம். எஸ்கேப் பட்டனை அழுத்திப் பிடித்துப் பாருங்கள், முழுத்திரை விலகும், அப்புறம் மூடிவிடலாம். அதற்கும் மசியவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், அதில் குரோமைத் தேர்ந்தெடுத்து எண்ட் டாஸ்க். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களைத் திரும்பக் கொண்டுவரவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

திருவட்டார் மருமகள்:

பேசவில்லை, நல்ல வேளை. அவருக்கு ஆங்கிலத்தில் கத்தினால் பேசவே பிடிக்காது, அது இப்படி உதவும் என்று யார் கண்டார்.

வடசேரி அண்ணே, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். அதே தேதியில் பிடிஎஃப் சாஃப்ட்வேரும், பக்கத்திலேயே சர்ச் என்று பெயர் முடிகிற இன்னொன்றும் இருந்தன. பிடிஎஃப் சாதாரணமாகப் போய்விட்டது. இரண்டாவதை அழுத்தினால் ஒரு ஜன்னல் வருகிறது, நடுவில் கண்ணைப் பறிக்கிற பச்சையில் பெரிய பட்டன், அதில் ஓகே என்று எழுதியிருக்கிறது. யாராக இருந்தாலும் அதைத்தான் அழுத்துவார்கள். மேலே பொடி எழுத்தில் படித்தால், எங்கள் சேவையைத் தொடர்ந்து பயன்படுத்த ஓகே கொடுங்கள் என்று இருக்கிறது. நிஜமாக நீக்குவதற்கான வழி கீழ் மூலையில், வெள்ளையில் சாம்பல் எழுத்தாக, பட்டன் மாதிரியே இல்லாமல் கிடக்கிறது. அதை அழுத்தினால் ஏன் போகிறீர்கள் என்று ஒரு கேள்விப் பட்டியல், அதற்கு அடுத்ததில் ஆமாம் இல்லை இரண்டும் இடம் மாறி இருக்கின்றன. படியுங்கள் என்று நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் வைத்துக்கொள்ளவே சம்மதித்திருப்பேன்.

பாலிசி பக்கத்தில் நீங்கள் சொன்ன அதே வரி இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. போட்டோ போட்டிருக்கிறேன்.

வடசேரி பழைய சென்டர்:

பார்த்தேன். ஒரே வரி, அதே எக்ஸ்டென்ஷனின் நீள எழுத்து வரிசை. பயப்படாமல் எடுக்கலாம். குரோமை மூடிவிட்டு, விண்டோஸ் தேடலில் ரெஜ்எடிட் என்று அடித்தால் ரெஜிஸ்ட்ரி எடிட்டர் வரும். இடது பக்கம் ஹெச்கீ லோக்கல் மெஷின், அதற்குள் சாஃப்ட்வேர், அதற்குள் பாலிசீஸ், அதற்குள் கூகுள், அதற்குள் குரோம். அந்தக் குரோம் ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து முதலில் எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு காப்பி எடுத்து வையுங்கள், தப்பாகப் போனால் அதை டபுள் கிளிக் செய்தால் பழையபடி ஆகும். அப்புறம் அந்த ஃபோல்டரை மட்டும் டெலீட் செய்யுங்கள், மேலே இருக்கிற பாலிசீஸ் மேல் கை வைக்காதீர்கள். ஹெச்கீ கரன்ட் யூசர் என்பதற்குள்ளும் இதே வழியில் போய்ப் பாருங்கள், சிலது இரண்டு இடத்திலும் எழுதும்.

கம்ப்யூட்டரை ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்துவிட்டு குரோமைத் திறந்தால் எக்ஸ்டென்ஷன் தானாகவே போயிருக்க வேண்டும், இருந்தாலும் இப்போது ரிமூவ் பட்டன் இருக்கும். செட்டிங்ஸில் கடைசியில் ரீசெட் செட்டிங்ஸ் என்று இருப்பதையும் கொடுத்துவிடுங்கள். முகப்புப் பக்கம், தேடல் இரண்டும் பழையபடி ஆகும், வெப்சைட்டுகள் உங்களை அடையாளம் வைத்துக்கொள்கிற குக்கீ எல்லாம் போவதால் மெயிலில் திரும்ப உள்ளே நுழைய வேண்டியிருக்கும், ஆனால் புக்மார்க்கும் சேமித்த பாஸ்வேர்டும் போகாது, மாமாவின் ரப்பர் போர்டு பக்கம் பத்திரமாக இருக்கும்.

டெஸ்க்டாப்பில் இருக்கிற குரோம் ஐகானையும் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் டார்கெட் என்கிற பெட்டியைப் பாருங்கள். குரோம் டாட் இஎக்ஸ்இ என்று முடிந்து மேற்கோள் குறிக்கு அப்பால் ஏதாவது ஒரு வெப்சைட் முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால் அதை அழித்துவிடுங்கள்.

தக்கலை ஐடி:

இடையில் ஒன்று. அந்தக் குரோமில் கூகுள் கணக்கைப் போட்டு, ஒரே கணக்கில் இருக்கிற எல்லா மெஷினையும் ஒரே மாதிரி ஆக்குகிற சிங்க்கை ஆன் பண்ணியிருக்கிறீர்களா? உங்களுக்கு வந்தது பாலிசி வகை. ஆனால் இதையே குரோம் ஸ்டோரிலிருந்து எக்ஸ்டென்ஷனாக ஏற்றியிருந்தால் அது கணக்கோடு சேர்ந்து மகளுடைய லேப்டாப்புக்கும் போயிருக்கும். எங்கள் மைனி வீட்டில் அப்படித்தான், காசு கொடுத்து ஃபார்மேட் போட்டு, அதே கணக்கில் நுழைந்ததும் பழைய ஆள் மாலை போட்ட மாதிரி வந்து நின்றார். லேப்டாப்பிலும் எக்ஸ்டென்ஷன் பக்கத்தை ஒரு தடவை பாருங்கள்.

அது இருந்த நாட்களில் குரோமில் பேங்க் திறந்திருந்தால் பாஸ்வேர்டை மாற்றுவது நல்லது. எல்லாப் பக்கத்தின் மேலும் பட்டை வரைய முடிகிறது என்றால் எல்லாப் பக்கத்தையும் படிக்கவும் அதற்கு அனுமதி இருக்கிறது என்று அர்த்தம். திருடியிருக்கும் என்று சொல்லவில்லை, முடியும் என்கிறேன்.

திருவட்டார் மருமகள்:

பட்டை போய்விட்டது! நிறுவனம் என்கிற வரியும் போய்விட்டது. லேப்டாப்பில் ஒன்றும் இல்லை. பாஸ்வேர்டு போனிலிருந்து மாற்றியாச்சு.

ஆனால் இன்று காலையில் சிஸ்டத்தைப் போட்டதும் ஒரு கறுப்பு ஜன்னல் கண் சிமிட்டும் நேரம் வந்து மறைந்தது, மதியமும் அதே மாதிரி வந்தது. முன்பு இப்படி வந்ததாக நினைவில்லை. கவனித்திருக்க மாட்டேனா என்றும் தெரியவில்லை. பாலிசி பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

கருங்கல் சர்வீஸ்:

எதையோ நேரம் வைத்து ஓட்ட ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறான். தேடலில் டாஸ்க் ஷெட்யூலர் என்று அடித்துத் திறந்து, இடது பக்கம் டாஸ்க் ஷெட்யூலர் லைப்ரரியை அழுத்துங்கள். நடுவில் வரிசையாக வரும். கூகுள் அப்டேட், ஒன்டிரைவ், எட்ஜ் என்று தெரிந்த பெயர்களை விடுங்கள். மிச்சத்தில் ஒவ்வொன்றாக அழுத்தி கீழே ஆக்ஷன்ஸ் டேபில் எந்த ஃபைலை ஓட்டுகிறது என்று பாருங்கள். ஆப்டேட்டா, ரோமிங் என்கிற ஃபோல்டருக்குள் அர்த்தமில்லாத பெயரில் ஒரு ஃபைலை ஓட்டினால், கிரியேட்டட் தேதியும் அந்த நாளாகவே இருந்தால், அவனேதான். டாஸ்கை டெலீட் செய்துவிட்டு அந்த ஃபைலையும் அழியுங்கள். அழிக்க விடாவிட்டால் ரீஸ்டார்ட் செய்துவிட்டு அழியுங்கள்.

கடைசியாக, இந்த மாதிரி வேண்டாத சாஃப்ட்வேரைத் தேடி எடுக்கிற அட்வ்கிளீனரை ஒரு தடவை ஓட்டுங்கள். அது 2016-லிருந்து மால்வேர்பைட்ஸ்காரர்களுடையது, இலவசம், இன்ஸ்டால் பண்ண வேண்டியதில்லை. தேடி வருகிற லிங்கில் இறக்காமல் மால்வேர்பைட்ஸ் முகவரியை நேராக அடித்து அங்கிருந்து எடுங்கள். காட்டுகிற எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு அழிக்க வேண்டாம், கம்ப்யூட்டர் கம்பெனி போட்டுக் கொடுத்ததையும் தனியாகப் பிரித்துக் காட்டும், அதை விட்டுவிடலாம்.

திருவட்டார் மருமகள்:

இருந்தது அண்ணே, ஆப்டேட்டா ரோமிங்கிலேயே. பத்து எழுத்து சேர்த்து உளறின மாதிரி ஒரு பெயர், அந்த ஒரே டாஸ்க் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஓடும்படி போட்டிருந்தது. இரண்டையும் அழித்துவிட்டேன், கறுப்பு ஜன்னல் இரண்டு நாளாக வரவில்லை. அட்வ்கிளீனர் மிச்சம் கொஞ்சம் ஃபோல்டர் காட்டியது, எடுத்துவிட்டது. ரொம்ப நன்றி.

கொழுந்தனார் மகன் இனி எதையும் ஏற்றாமல் இருக்க என்ன செய்யலாம்? வராதே என்று சொல்ல முடியாது, எங்கள் வீட்டில்தான் நெட் நன்றாகக் கிடைக்கும்.

வடசேரி பழைய சென்டர்:

அவனுக்குத் தனி யூசர் போட்டுக் கொடுங்கள், ஸ்டாண்டர்டு வகையில், அட்மின் பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கட்டும். ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின் பக்கம் எழுத அட்மின் அனுமதி வேண்டும், அது கிடைக்காது. அதோடு விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல், அதற்குள் ரெப்யூடேஷன் பேஸ்டு புரொடெக்ஷன், அதில் பொடென்ஷியலி அன்வான்டட் ஆப் பிளாக்கிங் என்று ஒரு சுவிட்ச் உண்டு. 2020 மே அப்டேட்டிலிருந்து விண்டோஸ் 10-ல் இருக்கிறது, அணைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். போட்டுவிடுங்கள். இந்த மாதிரி கூட்டாளியோடு வருகிற இன்ஸ்டாலர்களை இறங்கும்போதே பிடிக்கும், எல்லாவற்றையும் பிடிக்கும் என்று நினைக்க வேண்டாம்.

குளச்சல் செவன்:

எங்கள் கடையில் இன்னும் விண்டோஸ் 7 தான், பில் போடுகிற சாஃப்ட்வேர் அதில்தான் ஓடும். அதில் இதே பட்டை. மேலே சொன்னதெல்லாம் பொருந்துமா?

கருங்கல் சர்வீஸ்:

கன்ட்ரோல் பேனல், பாலிசி பக்கம், ரெஜ்எடிட், டாஸ்க் ஷெட்யூலர் எல்லாம் அப்படியே பொருந்தும். அந்த அன்வான்டட் ஆப் சுவிட்ச் மட்டும் அதில் கிடையாது. விண்டோஸ் 7-க்கு குரோம் 109-உடன் நின்றுவிட்டது, அதனால் பட்டையை எடுத்த பிறகு அந்த மெஷினில் பில் மட்டும் போடுங்கள், நெட் வயரைக் கழற்றிவிட்டு பேங்க் வேலையைப் போனில் பாருங்கள். பில் சாஃப்ட்வேர் பெயரைச் சொன்னால் 10-லோ 11-லோ ஓடுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.